ஆறு மணிப் புட்டிகள்

பெங்களூரு
9-7-2025

என்னங்க,

நலமா? கோபப்படாமல் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. நான் கேட்டது சாமையின் இளந்தண்டு. நீங்கள் அனுப்பியிருப்பது நம் கொல்லை நிலத்திலேயே நெடுநெடுவென்று வளர்ந்த பயிராகப் பார்த்துப் பிடுங்கியது. "சங்கரிக்கு நல்லதா அனுப்பியிருக்கேன்" என்று சீட்டு வேறு. சீர்வரிசை அனுப்புகிற மாதிரி அனுப்பினால் நான் என்ன செய்ய?

மறுபடி சொல்கிறேன். தண்டுக்குள் தண்ணீர் ஏறும் குழாய்கள் முதலில் சாதாரணச் செல்கள்தாம். ஒரு மரபணு விழித்துக் கட்டளையிட்டதும் செல் தன் சுவரைக் கெட்டியாக்கிக்கொண்டு, உள்ளே இருப்பதையெல்லாம் கரைத்துவிட்டுச் செத்துப்போகும். அந்தக் காலிக் கூடுதான் குழாய். எந்த மரபணு எப்போது விழிக்கிறது, அதை எது எழுப்புகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. வளர்ந்த பயிரில் எல்லாம் முடிந்துபோயிருக்கும்.

ஆகவே புதிதாக ஒரு பாத்தி விதையுங்கள். பன்னிரண்டாம் நாளிலிருந்து தினமும் காலை சரியாக ஆறு மணிக்கு வெட்டி, இந்தப் பெட்டியில் அனுப்பியிருக்கும் மருந்துத் தண்ணீர்ப் புட்டியில் உடனே போடுங்கள். போட்ட நேரத்தில் தண்டுக்குள் என்ன நடந்ததோ அது அப்படியே நின்றுவிடும். புட்டிமேல் தேதியும் நேரமும் எழுத வேண்டும். இந்தப் பருவமும் தவறினால் பேராசிரியர் ராஜேஸ்வரி என் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்.

இரண்டு பொங்கலுக்கும் வரவில்லை என்று குறைப்பட்டிருந்தீர்கள். வருவேன். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் காலையில் மலையேறும் முதல் ஜீப்பில் வந்து இறங்குவேன், பாருங்கள்.

உங்கள்
சங்கரி

புதூர்நாடு
12-8-2025

சங்கரிக்கு,

நலம். உன் கடிதத்தில் "நலமா" என்ற ஒரு சொல்லுக்குப் பிறகு முழுக்கத் திட்டுதான். சாப்பிட்டீர்களா என்று எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், இல்லை. இங்கே சிக்னல் இல்லாததால் பெட்டிக்குள் கடிதம் வைத்து அனுப்பிக்கொள்கிறோம். அதிலும் சண்டையா?

பத்தொன்பது நாளும் வெட்டியாயிற்று. எல்லாப் புட்டியிலும் ஆறு மணி என்று எழுதியிருக்கிறேன். "இன்னா அருளு, சாமைக்கு இன்னா நோவு, புட்டியில மருந்து குடுக்கறியா?" என்று ஊரே கேட்கிறது. ஜீப் ஓட்டும் கோபால்சாமி அண்ணன் பெட்டியைத் திருப்பத்தூரில் கூரியரில் போடுவார். ஓரமாகப் பலாச்சுளை வைத்திருக்கிறேன்.

அருள்மணி

பெங்களூரு
26-8-2025

என்னங்க,

பலாச்சுளையால் ஆய்வகமே மணக்கிறது. அதை மன்னித்தேன். இதை மன்னிக்க முடியவில்லை.

செடிக்கும் நேரம் தெரியும். சில மரபணுக்கள் விடியலில் விழிக்கும். வெயில் ஏறியதும் அவை அடங்கி வேறு சில எழும். உங்கள் புட்டிகளைச் சோதித்தேன். பதினாறு நாள், பத்து மணி வாக்கில் வெட்டியிருக்கிறீர்கள். மூன்று நாள் மட்டும்தான் ஆறு மணி. அந்த மூன்றும் ஞாயிற்றுக்கிழமை! வாரமெல்லாம் தூங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடியலில் எழுகிற மனிதரை நான் கண்டதில்லை.

எல்லாம் வீண். பேராசிரியர் கடைசியாக ஒரு தடவை என்று ஒத்துக்கொண்டார். உடனே இன்னொரு பாத்தி விதையுங்கள். ஏன் பொய் எழுதினீர்கள் என்றும் சொல்லுங்கள். விருப்பமில்லை என்றால் அதையாவது நேராகச் சொல்லுங்கள். "கல்யாணத்துக்கு அப்புறம் இன்னா படிப்பு" என்று நீங்கள் கேட்டதை நான் மறக்கவில்லை.

சங்கரி

புதூர்நாடு
31-8-2025, ஞாயிறு

சங்கரிக்கு,

எனக்கும் கோபம் வரும். முதல் ஜீப்பில் சொல்லாமல் வந்து இறங்குவேன் என்று எழுதியது யார்?

முதல் ஜீப் ஆறு மணிக்கு வருகிறது. ஜீப் நிற்கும் இடத்திலிருந்து நம் வீடு இரண்டு மைல். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன்னைத் தனியாக நடக்கவிடவா? தினமும் போய் நின்றேன். அதில் நீ இல்லாததால், ரயில் தாமதமோ என்று ஒன்பது மணி ஜீப்பையும் பார்த்துவிட்டுத்தான் கொல்லைக்குப் போனேன். "இன்னாப்பா, இன்னிக்கும் வர்லியா? வூட்டுக்குப் போய்ட்டு வேலையப் பாரு" என்பார் கோபால்சாமி அண்ணன். ஞாயிற்றுக்கிழமை ஜீப் கிடையாது. அதனால் அன்று மட்டும் ஆறு மணிக்கே வெட்டினேன்.

இதைப் புட்டிமேல் எப்படி எழுதுவேன்? வெட்கமாக இருந்தது, ஆறு என்று எழுதிவிட்டேன். தப்புதான். சாமை காட்டிக்கொடுக்கும் என்று எனக்குத் தெரியாது.

நேற்று பாத்தி விதைத்துவிட்டேன். வருவாயா, மாட்டாயா, ஒரே வார்த்தையில் எழுது. மாட்டாய் என்றால் ஜீப்புக்குப் போவதை விட்டுவிட்டு ஒழுங்காக ஆறு மணிக்கு வெட்டி அனுப்புகிறேன்.

அருள்மணி

பெங்களூரு
6-9-2025

என்னங்க,

உங்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன், அழுதுகொண்டே திட்டினேன். பதினாறு நாள் வேலை போயிற்று. பாதிப் பழி என்னுடையது. ஜீப்பைப் பற்றி எழுதியதே எனக்கு மறந்துவிட்டது, நீங்கள் அதை நம்பி நின்றிருக்கிறீர்கள்.

வருகிறேன். பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை, முதல் ஜீப்பில். அறுவடை வரைக்கும் இருப்பேன், பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன்.

தயவுசெய்து ஜீப்புக்கு வராதீர்கள். பெட்டியை நானே தூக்கிக்கொள்வேன், வழி தெரியும். ஆறு மணிக்கு நீங்கள் கொல்லையில் கத்தியும் கையுமாக இருக்க வேண்டும். வீட்டுக்குப் போகாமல் நேரே அங்கேதான் வருவேன்.

ஏமாற்ற நினைக்காதீர்கள். சாமை என்னிடம் சொல்லிவிடும்.

உங்கள்
சங்கரி