பூசைத் தண்ணீரும் ஆறு நத்தைகளும்

ஹொல்ம்லியா, நோர்வே,
17.12.2006

அன்புள்ள அத்தானுக்கு பாமா எழுதிக்கொள்வது.

நானும் யதுர்ஷாவும் நல்ல சுகம். நீங்கள் சுகமா என்று கேட்கும் வரியை இந்த முறை விட்டுவிடுகிறேன். ஐந்து மாதமாக அந்த வரியை எழுதிவிட்டு, பதில் வருமோ என்று தெரியாமல் கடிதத்தை மடித்தேன். வெள்ளிக்கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து உங்கள் குரலைக் கேட்டபிறகு அது தேவையில்லாமல் போய்விட்டது. போனில் நான் அப்படி அழுததைப் பெரிதாக எடுக்க வேண்டாம். தேக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக வந்துவிட்டது. போனை வைத்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு புட்டு அவித்தேன். ஆகஸ்டுக்குப் பிறகு நான் வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

இந்தக் கடிதத்தை இந்திராதேவி அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன். என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற மட்டக்களப்பு அக்காதான், செவ்வாய்க்கிழமை கொழும்புக்குப் போகிறா. இருபத்தெட்டாம் தேதி மனுசன் வந்துவிடுவாரே, அதற்கிடையில் என்ன கடிதம் என்று கேட்டா. ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றேன். “அப்ப வந்தாப் பிறகு சொல்லாத புள்ள, வாறதுக்கு முதல் சொல்லிப்போடு. பிளேன்ல வரக்குள்ள கோவம் ஆறிப்போயிரும்” என்று சொன்னா. மூன்று பிள்ளைகளையும் ஒரு முன்கோபக்காரரையும் வைத்துச் சமாளிக்கிற மனுசி. அவ சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

விஷயம் உங்கள் மீன்தொட்டிதான். கப்பலில் திருகோணமலை வந்து, அங்கிருந்து பஸ்ஸில் இடிபட்டுக் கொழும்பு வந்து, பெண்சாதி பிள்ளை சுகம் கேட்டு, மூன்றாவது கேள்வியாகத் தொட்டி எப்படி இருக்கிறது என்று கேட்ட மனுசன் உலகத்தில் நீங்கள் ஒருவராகத்தான் இருக்கும். நான் “இருக்குது” என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டேன். பொய் சொல்லவில்லை. தொட்டி இருக்கிறது. அதற்குள் இருந்தவர்களில் சிலர் இல்லை.

அந்தத் தொட்டியை நான் எவ்வளவு எதிர்த்தேன் என்று உங்களுக்குத் தெரியும். பல் கொதி என்று டொக்டரிடம் போன மனுசன் அங்கே காத்திருக்கும் அறையில் ஒரு கடல்தண்ணீர்த் தொட்டியைக் கண்டுவிட்டு, தன்னைக் கூப்பிட்டபோது பின்னால் இருந்த கிழவியை முதலில் விட்டாராம் என்று நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். மீன் வேண்டுமென்றால் கடையில் வெட்டித் தருவான் என்றும் சொன்னேன். நீங்களோ அறுபது லீற்றர்த் தொட்டியை வாங்கிவந்து வரவேற்பறையில் வைத்து, உப்புக் கரைத்து, பெரிய கற்களை அடுக்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு நாங்கள் படுக்க வேண்டிய அளவுக்கு வீட்டைக் கடற்கரை ஆக்கினீர்கள். மீன் எங்கே என்று பிள்ளை கேட்டால், தண்ணீர் பழுக்க ஆறு கிழமை வேண்டும், அதற்கு முன் ஒரு உயிரையும் விடக் கூடாது என்று பதில்.

பிறகு ஜூலையில் மாமியின் ஆண்டுத் திவசத்துக்கு மூன்று கிழமை லீவில் யாழ்ப்பாணம் புறப்பட்டீர்கள். புறப்படுகிற அன்றும் பெட்டி அடுக்காமல், உப்பு பார்க்கிற அந்த மிதவையைப் பிடித்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தீர்கள். எனக்கு வந்த கோபத்தில் விமான நிலையத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஹொல்ம்லியா ஸ்டேஷன் வரைக்கும்கூட வரவில்லை. நீங்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு போனதை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் திரும்பிப் பார்த்தபோது, பிடித்திருந்த திரையை விட்டுவிட்டேன். பத்தொன்பது நாளில் சண்டை தொடங்கி யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டினார்கள், நீங்கள் உள்ளே அகப்பட்டீர்கள்.

அத்தான், அந்தத் திரையை விட்டதற்காக நான் என்னை இன்னும் மன்னிக்கவில்லை. இதைப் போனில் சொல்ல முடியாது. அங்கே உங்கள் மச்சான் வீட்டில் ஆறு பேர் சுற்றி நிற்கிறார்கள். இருபத்தெட்டாம் தேதி பிளேன் இறங்குவதற்கு இரண்டு மணித்தியாலம் முன்பே நான் விமான நிலையத்தில் வந்து நிற்பேன்.

சிவப்பு நோர்வேப் பாஸ்போட்டை எடுங்கோ, எடுங்கோ என்று எத்தனை வருடம் கரைச்சல் தந்தேன்! எடுத்தவர்களை அந்தக் கோடையிலேயே கப்பலில் ஏற்றிவிட்டார்கள். சரி, அது பழைய சண்டை. வந்தபிறகு ஆறுதலாகப் பிடிப்போம்.

குசினி அலுமாரிக் கதவில் நீங்கள் ஒட்டிவிட்டுப் போன தாளைத்தான் நான் தினமும் வாசித்தேன். வெளிச்சம் எட்டு மணித்தியாலம். சவர்க்காரக் கையை உள்ளே விடக் கூடாது. தண்ணீர்தான் வற்றும், உப்பு வற்றாது; ஆகவே கோடு வரைக்கும் நல்ல தண்ணீர் மட்டும் விட வேண்டும். முதல் இரண்டு கிழமை முணுமுணுத்துக்கொண்டு செய்தேன். பாதை பூட்டியபிறகு முணுமுணுப்பு நின்றுவிட்டது. நீங்கள் சொல்லிவிட்டுப் போனதில் நான் செய்யக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான். செப்டம்பரில் போன் எடுபட்ட ஒரு நாள், தண்ணீர் பழுத்திருக்கும், நத்தையும் இறாலும் விடலாம் என்று சொன்னீர்கள், நினைவிருக்கிறதா? லைன் அறுவதற்கு முன் உங்கள் குரலில் நான் கேட்ட கடைசி வார்த்தை இறால். பிள்ளையும் நானும் போய் ஆறு நத்தையும், வெள்ளைக் கோடு போட்ட சிவப்பு இறால் ஒன்றும் வாங்கிவந்தோம். அவை கண்ணாடியில் ஊர்ந்து பாசியைத் தின்னுவதைப் பார்த்துக்கொண்டு நான் கதிரையைப் போட்டு இருக்கத் தொடங்கினேன். சிரிக்க வேண்டாம்.

இனித்தான் குற்றம்.

நீங்கள் வந்து சேர வேண்டும் என்று முருகனுக்கு நேர்ந்து, தினமும் பின்னேரம் சின்னச் செப்புக் குடத்தில் தண்ணீர் நிறைத்துப் படத்துக்கு முன் வைப்பேன். அடுத்த நாள் காலை விளக்குக் கொளுத்திக் கும்பிட்டபின் அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் சாடிக்கு ஊற்றுவேன். பூசைத் தண்ணீரைக் கால் படுகிற இடத்தில் ஊற்றக் கூடாதல்லவா? ஒக்டோபர் கடைசியில் கறிவேப்பிலை பட்டுப்போனது. நாலாம் மாடியில் வேறு எங்கே ஊற்றுவது? தொட்டிக்கும் தினமும் நல்ல தண்ணீர் வேண்டும். கால் படாத இடம், உயிர் உள்ள இடம், அதுவும் உங்கள் இடம். இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா என்று நினைத்தேன். அன்றிலிருந்து முருகன் தண்ணீர் தொட்டிக்குள் போனது. அதற்காகவே குடத்தை ஒவ்வொரு வெள்ளியும் பழப்புளி போட்டு மினுக்கினேன்.

மூன்று கிழமையில் முதல் நத்தை செத்தது. அன்றைக்குத்தான் உங்கள் போன் ஒரேயடியாக எடுபடாமல் போனது. மூன்று நாளில் இன்னொன்று. அன்று வானொலியில் ஷெல்லடிச் செய்தி. எனக்கு உள்ளே என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் யாருக்கும் சொல்லவில்லை. உங்கள் கையால் நிறைத்த தண்ணீரில் ஒவ்வொன்றாகச் சாகிறது, இது சகுனம், ஆறும் போனால் நானும் போனேன் என்று முடிவு கட்டிவிட்டேன். பயத்தில் ஒரு குடம் இரண்டு குடம் ஆனது. காலையும் மாலையும் வைத்து, காலையும் மாலையும் ஊற்றினேன். கும்பிடக் கும்பிடச் செத்தன.

நாலாவது நத்தை விழுந்த அன்று இறாலும் மூலையில் ஒதுங்கிச் சாய்ந்து கிடந்தது. நான் வேலைக்குப் போகவில்லை. பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்து என் கோலத்தைப் பார்த்துவிட்டு, ஒரு ஜாம் போத்தலில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ரயிலில் கடைக்குப் போனாள். அங்கே இருக்கிற தாடிக்காரர் ஏதோ மருந்துத் துளி விட்டுப் பார்த்து, நிறம் மாறியதைக் காட்டி, நோர்வேஜிய மொழியில் கடகடவென்று சொன்னார். யதுர்ஷா திரும்பி, “அம்மா, தண்ணிக்குள்ளை செப்பு வந்திருக்காம். மீன் எண்டால் தாங்குமாம், நத்தைக்கும் இறாலுக்கும் அது நஞ்சாம். காசு கீசு ஏதும் விழுந்ததோ எண்டு கேக்கிறார்” என்றாள். நான் சத்தியம் பண்ணினேன். ஒன்றும் விழவில்லை, முருகன் தண்ணீரைத் தவிர வேறொன்றும் போகவில்லை என்றேன். அவள் அதை அவருக்குச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலை நான் வழக்கம்போலக் கும்பிட்டு, குடத்தைத் தூக்கித் தொட்டிக்கு மேலே சரிக்கப் போகிறேன். பல்லுத் தீட்டிக்கொண்டு நின்ற பிள்ளை நுரை வாயோடு ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். “அம்மா, நில்லுங்கோ! அந்தக் குடம் என்னத்திலை செய்தது?”

நான் குடத்தைப் பார்த்தேன். புளி போட்டு மினுக்கிய குடம். பளபளவென்று இருந்தது.

அத்தான், நான் அப்படியே நிலத்தில் இருந்து சிரித்தேன். பிள்ளை பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடட்டோ என்று கேட்டாள். சகுனம் இல்லை! முருகன் ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர் ஒன்றும் சொல்லவில்லை, உங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. உங்கள் நத்தைகளைக் கொன்றது உங்கள் பெண்சாதி, அவ்வளவுதான். கொலைகாரி நான்தான் என்று தெரிந்ததில் எனக்கு வந்த நிம்மதியை எப்படி எழுதுவது? நெஞ்சில் இருந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கி எடுத்த மாதிரி இருந்தது. பிறகுதான் நத்தைகளுக்காக அழுதேன். பாவம், அவை என்ன செய்தன.

கடைக்காரர் சொன்னபடி ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு வாளித் தண்ணீர் மாற்றினோம். செப்பை இழுத்தெடுக்கிற ஒரு பஞ்சும், கரிப் பையும் தந்தார். உப்புக் கரைத்து, சூடு பார்த்து, மிதவையை விட்டு அளவு பார்க்க எனக்கு இப்போது வடிவாகத் தெரியும். நீங்கள் ஏன் மணிக்கணக்காகக் குந்தியிருந்தீர்கள் என்றும் தெரியும். ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் இறால் மல்லாந்து கிடந்தது. கரண்டியால் எடுத்தேன், பாரமே இல்லை, வெறும் கோது. கல்லுக்குப் பின்னாலிருந்து கோதுக்கு உரியவர் புதுச் சட்டை போட்ட மாதிரி மீசையை ஆட்டிக்கொண்டு வந்தார். இரண்டு நத்தையும் இறாலும் இன்றைக்கு வரை சுகம். கடைசியாகச் சோதித்தபோது தண்ணீர் சுத்தம் என்றார் கடைக்காரர். அன்று பின்னேரம்தான் கப்பலில் இடம் கிடைத்துவிட்டதென்று உங்கள் தம்பி பிரசாந்தன் எங்கேயோ ஒரு போன் பிடித்து அறிவித்தார். இதையும் சகுனம் என்று சொல்ல வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன்.

வேறு புதினம் இல்லை. உங்கள் டிராம் பட்டறையில் ஃபோர்மனோடு கதைத்தேன். தை மாதம் வந்து வேலையில் சேரலாம், இடம் அப்படியே இருக்கிறது என்றார். இந்த வருடம் பனியைக் காணோம், டிசம்பரிலும் மழைதான். பிள்ளை உங்களைவிட ஒரு விரல் குறைவு, அவ்வளவு வளர்ந்துவிட்டாள். கண்டதும் திகைத்து நிற்காதீர்கள்.

இன்னொன்று எழுதாமல் முடிக்க மனம் வரவில்லை. போனில் நீங்கள் மாமாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உங்கள் தம்பி எல்லாம் சொன்னார். துறைமுகத்துக்குப் புறப்பட்ட அன்று மாமாவை விட்டு வர மனமில்லாமல் மூன்று தரம் ஒழுங்கை முடக்கு மட்டும் போய்த் திரும்பி வந்தீர்களாம். மூன்றாம் தரம் மாமா படலையைச் சாத்திக்கொண்டு, “உனக்கு அங்கை ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கு, கப்பலிலை ஏறடா” என்று அதட்டினாராம். சாத்திய படலைக்குப் பின்னால் அவர் எவ்வளவு நேரம் நின்றார் என்று பிரசாந்தன் சொன்னதை நான் இங்கே எழுத மாட்டேன்.

நீங்கள் வந்ததும், தப்பி வந்துவிட்டீர்கள் என்று எல்லோரும் சந்தோசப்படுவார்கள். வீட்டுக்கு வந்து கை குலுக்குவார்கள். எனக்கும் சந்தோசம்தான், மறைக்க மாட்டேன். இந்தக் கடிதம் முழுக்க அதுதான். ஆனால் அந்தப் பிளேனில் இருந்து இறங்குகிறவர் முழு ஆளாக இறங்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். நீங்கள் சிரிக்கத் தேவையில்லை, கதைக்கத் தேவையில்லை, ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று நான் ஒரு நாளும் கேட்க மாட்டேன். மாமா நல்லாய் இருக்க வேண்டும், பாதை திறக்க வேண்டும் என்று இனித் தினமும் முருகனிடம் நான் கேட்கிறேன்.

பாதி ஆளாகவே வாருங்கள், அத்தான். மற்றப் பாதி அங்கிருந்து வரும்வரைக்கும் இனி நீங்கள் தனியே காத்திருக்க வேண்டாம்.

உங்கள்
பாமா