என் பேரில் ஒரு கல்லறை

1979 நவம்பர் 1, வியாழன்

நாளைக்குக் கல்லறைத் திருநாள். வழக்கம்போல என் கல்லறைக்கு நானே வெள்ளையடித்துவிட்டு வந்தேன். நவம்பரில் ஒரு தடவை, ஈஸ்டருக்கு ஒரு தடவை.

'ஏசுவடியாள், 1925–1943' என்று கல்லில் வெட்டியிருக்கிறது. அப்பாவின் அக்கா. காலராவில் போனவள். செத்தவர் பேரைப் பின்னால் பிறக்கிற பிள்ளைக்கு விடுவது எங்கள் வீட்டு வழக்கம், அப்படித்தான் அது என் தலையில் விழுந்தது. ஆனால் அத்தை பேரைச் சொல்லித் திட்டக்கூடாதாம், வேலை ஏவக்கூடாதாம். அதனால் வீட்டில் நான் 'பேபி'. பதினெட்டு வயதில் பேபி! பேர் கல்லுக்கு, திட்டு எனக்கு.

சுண்ணாம்பு மட்டையோடு நிமிர்ந்தால் ஒருத்தன் நிற்கிறான். இருபத்திரண்டு வயது இருக்கும். கல்லைப் பார்த்து அழுதுகொண்டிருந்தான், கண்ணைக்கூடத் துடைக்கவில்லை.

"ஒங்களுக்கு இவங்க சொந்தமா?" என்றேன்.

"ஒங்க பேரு என்ன?" என்றான்.

சொன்னேன். அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டான். பிறகு மெதுவாக, "ஏசுவடியாள்" என்று என்னைப் பார்த்துக் கூப்பிட்டான். பள்ளிக்கூடத்தில் ஆஜர் கூப்பிட்டதோடு சரி, அதற்குப் பிறகு என்னை யாரும் அந்தப் பேரில் கூப்பிட்டதில்லை.

நவம்பர் 6

அவன் பேர் யோவான். நான் படிக்கிற டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் பின்னால் தங்கப்பழம் அண்ணாச்சியின் விசைத்தறிக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். என் பக்கத்து மெஷினில் அடிக்கிற சுப்புத்தாய்தான் துப்பு சொன்னாள். அவன் ஓட்டுகிற தறியில் இழையே அறுவதில்லையாம். "அண்ணாச்சி அவனுக்குச் சூடம் காட்டாத கொறைதான்" என்கிறாள்.

ஒரு பக்கம் அடிப்பதில் இன்று ஏகப்பட்ட பிழை.

நவம்பர் 17, சனி

எங்கள் வேதக்கோவில் பாட்டுப் பயிற்சிக்கு அவனும் வந்தான். மழை விட்ட பிறகு கொசு அப்பிக்கொண்டது. எல்லோரும் கையில் காலில் அடித்துக்கொண்டே பாடினோம். அவன் மட்டும் அசையாமல் நின்றான். அவன் மேல் ஒன்றுகூட உட்காரவில்லை. நான் பாட்டைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 24, சனி

எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு, கோவில் மதில் பக்கத்தில் நின்று சொன்னான். "செத்தவங்களக் கூட்டிட்டுப் போறது எங்க வேல. காலராவுல நீ செத்த அன்னைக்கு ஒன்னக் கூட்டிட்டுப் போக நாந்தான் வந்தேன். வழி நெடுக நீ பேசிக்கிட்டே வந்த. சிரிச்சுச் சிரிச்சுக் கைய விட்டுட்டேன். திரும்பிப் பாத்தா ஆளக் காணும். மறுபடி பொறக்கப் போயிட்ட. அன்னையில இருந்து தேடுதேன்."

கிறுக்கன் என்று நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன். ஆனால் கொசு? இழை?

சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன், நாம் மறுபடி பிறப்போமா என்று. மிஷன் பள்ளி வாத்தியார் அல்லவா, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நமக்கு ஒரே பிறவிதான், ஒழுங்கா இரி" என்றார். சுப்புத்தாயிடம் கேட்டால், "எங்களுக்கு ஏழு ஜென்மம். ஒங்களுக்கு ஒண்ணே ஒண்ணா? அதையும் டைப் அடிச்சே கழிக்கியேட்டி" என்கிறாள்.

டிசம்பர் 8

ஒரு காரியம் செய்துவிட்டேன். அத்தையைப் பற்றி அப்பாவிடம் கிண்டிக் கிண்டிக் கேட்டேன். முதலில் முகம் சுருங்கினார், பிறகு அவரே சொல்ல ஆரம்பித்தார். பச்சைப் புளியங்காயை உப்புத் தொட்டுத் தின்பாளாம். மரவட்டை என்றால் பயமாம். தூக்கத்தில்கூடப் பேசுவாளாம்.

இன்று யோவானிடம், "புளியங்காய் தின்னு பல்லு கூசுனது ஞாபகத்துக்கு வருது" என்றேன். கூசாமல் சொன்னேன்! அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். நான் அத்தை இல்லை என்று தெரிந்தால் அவன் போய்விடுவான். போகக்கூடாது. அவ்வளவுதான்.

டிசம்பர் 11

அத்தை மேல் பொறாமையாக இருக்கிறது. செத்துப்போனவள் மேல்!

டிசம்பர் 23, ஞாயிறு

கிறிஸ்மஸ் நாடகத்தில் நான்தான் தேவதூதன். மூங்கில் குச்சி கட்டி, சுப்புத்தாய் கொடுத்த கழிவுப் பஞ்சை ஒட்டி இறக்கை செய்தோம். யோவான் பார்த்துவிட்டுச் சிரி சிரியென்று சிரித்தான். "எறக்கையா? நடந்துதான் வரணும், நடந்துதான் போவணும். அம்புட்டுத் தூரமும்" என்றான்.

ஒத்திகையில் மரவட்டையைப் பார்த்ததாகச் சொல்லிக் கத்தினேன். மரவட்டையே இல்லை. எனக்கு அதைப் பார்த்துப் பயமும் இல்லை. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

1980 ஜனவரி 9

தண்ணீர்க் குடத்தோடு வரும்போது தெருமுனையில் நின்றான். ரொம்ப நாளாக மனதுக்குள் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன். "கண்டுபிடிச்சாச்சுல்லா, இனி என்ன?"

"அவளக் கூட்டிட்டுப் போவணும்."

"எங்க?"

"விட்ட எடத்துல இருந்து, பாக்கி வழி."

நான் அவ்வளவு மக்கு இல்லை. "அப்பம் சாவணும்" என்றேன். அவன் இல்லையென்று சொல்லவில்லை. "பிடிச்சு இழுக்க முடியாது. அவளா கையக் குடுக்கணும்" என்றான்.

குடத்தை எப்படி வீடு கொண்டு சேர்த்தேன் என்று தெரியாது. அத்தை செத்தபோது பதினெட்டு. எனக்கும் பதினெட்டு. அவன் கையைப் பிடிக்க வேண்டும் என்று நான் எத்தனை நாள் ஆசைப்பட்டிருக்கிறேன்!

ஜனவரி 10

பொய்யைச் சொன்னால் சாவு. மெய்யைச் சொன்னால் அவன் இல்லை. நல்லா மாட்டிக்கிட்டேட்டி பேபி.

பிப்ரவரி 16, சனி

இன்று சூரிய கிரகணம். தெருவில் ஒரு குஞ்சு இல்லை. தறிகள் எல்லாம் நின்றுவிட்டன. இந்த ஊர் இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை, அதுவே பயமாக இருந்தது. கிரகணம் பார்த்துப் பயப்படுவது மூடநம்பிக்கை என்று அப்பா சொன்னதைப் பிடித்துக்கொண்டு, நாளை ஆராதனைக்குப் பூ வைக்கக் கோவிலுக்குப் போனேன். அவன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான்.

வெயில் வெளிறிப்போய், சாயங்காலமும் இல்லாமல் பகலும் இல்லாமல் இருந்தது. அந்த மங்கலில் முகம் சரியாகத் தெரியாது என்ற தைரியத்தில் சொல்லிவிட்டேன். "நான் அவ இல்ல. புளியங்கா, மரவட்ட எல்லாம் அப்பா சொன்னது. எனக்கு ஒரு ஞாபகமும் கெடையாது. நான் புதுசு."

"தெரியும்" என்றான். "அவளுக்குப் பொய்யே வராது. நீ வாயத் தொறந்தா பொய்யி."

"எப்பம் தெரியும்?"

"புளியங்கா அன்னைக்கே."

"பெறகு ஏன் போவல?"

"போவணும்னுதான் தெனமும் காலையில எந்திரிக்கேன்."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பூவையெல்லாம் மடியில் கொட்டிவிட்டேன். பிறகு மீதியையும் சொன்னான். அவளைக் கண்டுபிடித்துக் கொண்டுபோய் விட்டால் அவன் பழையபடி அங்கே போய்விடலாம். தேடுவதை விட்டுவிட்டால் எங்களைப்போல நரைத்து, நோய் வந்து, செத்து, மண்ணாகிவிடுவான். மறுபடி பிறப்பெல்லாம் அவனுக்குக் கிடையாது.

எனக்காக இருங்கள் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. "போய்த் தேடுங்க" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன்.

பிப்ரவரி 18

கொட்டகையில் அவன் இல்லை. ஓடிப்போய்விட்டான் என்று அண்ணாச்சி ஏசினாராம்.

மார்ச் 3

தபசு காலம். ஈஸ்டர் வரைக்கும் கோவிலில் பூ வைப்பதில்லை. எனக்கு வேலையும் இல்லை.

மார்ச் 14

படுத்தால் தூக்கம் இல்லை, உட்கார்ந்தால் இருப்பு இல்லை. அம்மா, "என்னட்டி, குட்டி போட்ட பூன மாதிரி நடக்க?" என்கிறாள்.

அவன் திரும்பி வர வேண்டும் என்று ஜெபம் பண்ண முடியவில்லை. அவன் அவளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றும் ஜெபம் பண்ண முடியவில்லை. கண்டுபிடித்தால் ஒருத்தி சாவாள். என்னைத் தப்பவைத்துக்கொண்டு இன்னொருத்தி வாசலுக்கு அவனை அனுப்பிவிட்டேனே. இன்று மேலநீலிதநல்லூரில் ஒரு பெண் இறந்ததாக அப்பா சொன்னார். டம்ளரைக் கீழே போட்டேன். அவளுக்கு எண்பது வயதாம். அதற்குப் பிறகும் பயம் விடவில்லை.

மார்ச் 29

டைப்ரைட்டிங் பரீட்சையில் லோயர் பாஸ். சந்தோஷப்படணுமாம்.

ஏப்ரல் 3, வியாழன்

சுப்புத்தாய் ஓடி வந்து சொன்னாள். "ஏட்டி, யோவான் வந்துட்டான். அண்ணாச்சி கால்ல விழுந்து மறுபடி சேந்துட்டான். ஆனா என்னமோ கை போயிருச்சு அவனுக்கு. காலையில இருந்து இழ அறுந்துக்கிட்டே கெடக்கு. அண்ணாச்சி 'என்னவே ஆச்சு ஒமக்கு'ன்னு கெடந்து கத்துதாரு."

நான் மெஷினில் ஒரே எழுத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 5, சனி

நாளைக்கு ஈஸ்டர். சாயங்காலம் சுண்ணாம்பு வாளியோடு போனால், என் கல்லறைக்கு யாரோ ஏற்கெனவே வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். படு மோசமாக. எழுத்தெல்லாம் மூடிப்போய், சட்டையிலும் பாதி. யோவான்தான். மெலிந்திருந்தான்.

"கண்டுபிடிச்சீங்களா?" என்றேன். வேறு கேள்வி எனக்கு வரவில்லை.

"பனவடலிசத்திரத்துல. டீக்கட வச்சிருக்கா. மூணு பிள்ளைக. வட சுட்டுக்கிட்டே பேசுதா, பேசிக்கிட்டே சுடுதா. யாரு என்ன சொன்னாலும் காதுல ஏறாது. அவளேதான்."

"பெறகு?"

"எதுக்க நின்னு கைய நீட்டினேன். கையப் பிடிச்சிருந்தா கூட்டிட்டுப் போயிருக்கணும். வடைக்குத்தான் நீட்டுதேன்னு நெனச்சு, கைல ஒரு வடைய வச்சிட்டு அடுத்த ஆள்ட்டப் பேசப் போயிட்டா. அவ கடைசிப் பிள்ள அவ சேலையப் பிடிச்சிட்டு நின்னுச்சு."

"என்ன செஞ்சீங்க?"

"மறுபடி கைய நீட்டல. வடையத் தின்னுட்டு நடந்து வந்துட்டேன். நாக்கு பொத்துப்போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் அவன் கழுத்தில் பட்டென்று அடித்துக்கொண்டான். கையை விரித்துப் பார்த்தான். நசுங்கின கொசு, ஒரு பொட்டு ரத்தம். அவனுடைய ரத்தம். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். இனி இவனுக்கும் ஒரு நாள் இங்கே ஒரு கல் நட வேண்டும். அழுதேன், மறைக்கவில்லை.

"அழாத பேபி" என்றான்.

பேபி என்றான்.

கையை நீட்டினேன். பிடித்தான். சூடாக இருந்தது. சுண்ணாம்பு பட்டு இரண்டு பேருக்கும் எரிந்தது, விடவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

விடியற்காலை ஆராதனை கல்லறைத் தோட்டத்தில்தான். கொசு பிய்க்கும். அவனுக்குச் சொறிய வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. தேங்காய் எண்ணெய் கொண்டுபோக வேண்டும்.