இரண்டாவது படத்தில் இல்லாதது

சுங்குவார்சத்திரம்
19.11.1991

அன்பு மகன் ராஜசேகருக்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் நலமாக இருக்கிறோம். எப்போதும் எழுதுகிற வரிதானே என்று தாண்டிப் போய்விடாதே. இந்த முறை அது முழு உண்மை. உன் மனைவி சசிரேகாவுக்குத் தலையில் இருந்த கட்டி கரைந்துவிட்டது. நேற்று மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரே படத்தைக் காட்டிச் சொன்னார். பால்வாடிப் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, முதல் வேலையாக உனக்கு எழுதுகிறேன்.

ஐப்பசியில் தொடங்கிய மழை இன்னும் விடவில்லை. ஏரி நிரம்பிவிட்டது. நீ மாற்றிக் கொடுத்துப் போன ஓடுகள் ஒன்றும் ஒழுகவில்லை. மஸ்கட்டில் வெயில் குறைந்ததா? வேளைக்குச் சாப்பிடு.

தாண்டவராயன் கடைக்கு நீ போன் செய்தபோது என்னால் எதையும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. கடையில் நாலு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். லைன் அறுந்துபோவதற்கு முன் நீ சொன்னது என் காதில் விழுந்தது. அதைப் பற்றி இப்போது பேசவேண்டாம். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நீ விமானம் ஏறிய பிறகு ஆனி மாதத்தில்தான் அந்த வலிப்பு முதன்முதலாக வந்தது. ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தவள் ஸ்டூலோடு சாய்ந்துவிட்டாள். கூட வேலை செய்யும் பெண்கள் கையில் சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார்கள். கம்பெனி வேனில் கொண்டுவந்து விட்டபோது எங்கே இருக்கிறோம் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. "மிஷின்ல கை மாட்டிக்கினா யாரு பதில் சொல்றது? ஒடம்பு நல்லானப்புறம் அனுப்புங்க" என்று சூபர்வைசர் சொல்லிவிட்டுப் போனார்.

இங்கே உள்ளூர் டாக்டர், புருஷனைப் பிரிந்த ஏக்கம் என்று சத்து ஊசி போட்டார். உன் பெரியப்பா கோதண்டராமன், காத்துக் கருப்பு என்று தாயத்துக் கட்டவைத்தார். அதிலும் நிற்கவில்லை என்றதும், நோயை மறைத்து நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். அவள் அம்மா நம் வாசலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டுப் போனாள். எனக்கு அந்தச் சத்தியம் தேவைப்படவில்லை. நீ புறப்பட்டுப் போன தை மாதத்திலிருந்து என்னோடு ஒரே அறையில் படுத்து எழுகிற பெண் அவள். அப்படி ஒரு நோய் முன்பே இருந்திருந்தால் எனக்குத் தெரியாமலா போகும்?

அடுத்த தடவை என் கண் முன்னாலேயே வந்தது. அரிசி களைந்துகொண்டிருந்தாள். வலது கைக் கட்டைவிரல் தானாகத் துடித்தது. அவளே அதை வேடிக்கை பார்ப்பதுபோலப் பார்த்தாள். துடிப்பு முழங்கைக்கு ஏறி, வாய் கோணி, அப்புறம்தான் விழுந்தாள். மறுநாள் காலையில் யாரிடமும் கேட்காமல் அவளை மெட்ராசுக்கு பஸ்ஸில் அழைத்துப் போனேன்.

அங்கே ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "எந்தப் பக்கம்மா மொதல்ல இழுக்குது?" என்பதுதான். அதுவரை ஒருவரும் எங்களை அப்படிக் கேட்டதில்லை. நான் பார்த்ததைச் சொன்னேன். மூளையின் இடது பக்கத்தில் ஏதோ இருக்கலாம், ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்.

ஸ்கேன் அறைக்குள் மார்கழிக் குளிர். கிணற்று உறையை நிமிர்த்தி வைத்ததுபோல ஒரு பெரிய மிஷின், அதன் நடுவில் தலையை நுழைத்துப் படுக்கவேண்டும். கம்மல், மூக்குத்தி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். எல்லாவற்றையும் என் கையில் கொடுத்துவிட்டு, "தாலியும் கழட்டணுமா சார்?" என்று கேட்டாள். "வேணாம்மா, தலைய மட்டுந்தான் படம் புடிக்கிறோம். அது இருக்கட்டும்" என்றார் அந்த மனிதர். அவர் யாரோ எவரோ, நன்றாக இருக்கட்டும். கதவைச் சாத்தியதும் நான் வெளியே நின்றேன். திரும்பி வந்தவளிடம் பயந்தாயா என்று கேட்டேன். "தல ஆடக்கூடாதுன்னாங்க அத்தே. இப்ப பாத்து இழுத்துக்கக் கூடாதேன்னு வேண்டிக்கினே கெடந்தேன்" என்றாள்.

விளக்குப் பெட்டியின் மேல் படத்தை மாட்டி டாக்டர் காட்டினார். தலையைக் குறுக்காக வில்லை வில்லையாக நறுக்கிவைத்ததுபோல வரிசையாகப் படங்கள். ஒன்றில் மட்டும் பட்டாணி அளவில் வெள்ளையாக ஒரு வளையம், அதைச் சுற்றிக் கறுப்பாக வீக்கம். புற்றுநோயா என்று கேட்டேன். அப்படித் தெரியவில்லை என்றார். தண்ணீரிலோ கழுவாத காய்கறியிலோ புழு முட்டை உள்ளே போய், ரத்தத்தோடு மூளைக்கு ஏறி இப்படி ஆவதுண்டாம், யாருக்கும் வரலாமாம். பக்கத்திலிருந்த சின்ன டாக்டர் காசநோய்க் கட்டியாகவும் இருக்கலாம், அதற்கு மருந்தை ஆரம்பித்துவிடலாம் என்றார். பெரியவர் யோசித்துவிட்டு, வலிப்பு மாத்திரை மட்டும் கொடுப்போம், கார்த்திகையில் மறுபடி படம் எடுத்துப் பார்த்து முடிவு செய்வோம் என்றார்.

காத்திருந்த அந்த மாதங்களைப் பற்றி என்னவென்று எழுதுவது? மாத்திரை ஆரம்பித்த பிறகு வலிப்பு வரவில்லை. ஆனாலும் அவள் கையிலிருந்து கரண்டி நழுவினால்கூட எனக்கு உயிர் போய் வரும். அந்த நேரத்தில்தான் உன் பெரியப்பா மணிமங்கலத்துப் பெண் ஒருத்தியின் போட்டோவோடு வந்தார். சசிரேகா அவருக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். அவள் நிற்கும்போதே போட்டோவை என்னிடம் நீட்டினார். "இந்த வூட்டுக்கு மருமக இருக்கா. எடுத்துக்கினு போங்க" என்றேன். "ஒன் புள்ளையே சரின்னு எழுதிட்டான். ஒனக்கு இன்னா வந்துது?" என்றார். சசிரேகா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நேற்று இரண்டாவது படத்தை எடுத்தார்கள். டாக்டர் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். அந்த வளையம் இருந்த இடத்தைப் பேனா முனையால் காட்டினார். அங்கே ஒன்றும் இல்லை, ராஜசேகர். வளையமும் இல்லை, வீக்கமும் இல்லை. சின்ன டாக்டர்கூடக் கிட்டே வந்து குனிந்து பார்த்துச் சிரித்துவிட்டார். காசநோய் மருந்தும் தேவையில்லை, ஆபரேஷனும் தேவையில்லை. வலிப்பு மாத்திரையை மட்டும் இன்னும் கொஞ்ச காலம் விடாமல் சாப்பிட்டு, அவர் சொல்லும்போது மெல்லக் குறைக்கவேண்டும். குழந்தை பெறலாமா என்று நானே கேட்டேன். தாராளமாக, ஆனால் அதற்கு முன்னால் வந்து சொல்லுங்கள், மாத்திரையைப் பார்த்து மாற்றித் தருகிறேன் என்றார்.

நான்தான் அழுதேன். அவள் அழவில்லை. மறுபடி வேலைக்குப் போகலாமா என்று கேட்டாள். இப்போதைக்கு மிஷின் வேண்டாம், பேக்கிங்கில் உட்காரலாம் என்று கம்பெனிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரி கேண்டீனில் இட்லியை ஆசையாகச் சாப்பிட்டாள். இத்தனை மாதத்தில் அவள் பசித்துச் சாப்பிட்டு நேற்றுதான் பார்த்தேன். பூந்தமல்லி தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நம் ஸ்டாப் வரும்போது எழுப்பினேன். இறங்கும் முன், "அத்தே, அவருக்கு நான் எழுதட்டுமா, நீங்க எழுதுறீங்களா?" என்று கேட்டாள். நானே முதலில் எழுதுகிறேன் என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

நீ தூரத்தில் தனியாக இருக்கிறாய். இங்கிருந்து உனக்கு வந்ததெல்லாம் பயமுறுத்தும் செய்திகள்தான் என்பதும் எனக்குத் தெரியும். ஆண்டவன் உனக்கு நல்ல உடம்பும் நல்ல மனசும் தரட்டும்.

இதைப் படித்ததும் பதில் போடு. எனக்கு இல்லை, கண்ணு. கவரின் மேல் அவள் பெயரை எழுது.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா
சுந்தராம்பாள்