மேட்ரன் நடத்திய லத்தீன் கச்சேரி

மேட்ரன்,

இன்று காலை எதிர்வீட்டு டிவியில், ஸ்கூட்டர் விளம்பரம் ஒன்றின் பின்னால் நம் லத்தீன் பாட்டு ஒலித்தது. காபியை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். வரிசை போடாமல் எனக்குக் கை ஓடாது. ஆகவே:

1. நான் உங்களிடம் சொன்ன பொய்.
2. அதனால் நடந்த கூத்து.
3. கடைசிவரை நீங்கள் அதை அறியவில்லை என்பது.

முதலாவது. ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, நம் கோயில் பாடகர் குழுவை வைத்துப் பெரிய லத்தீன் இசைக்கோவை ஒன்றைப் பாடக் கிளம்பினீர்கள். பாதிரியார் ஆவதற்குச் செமினரியில் இரண்டு வருடம் இருந்து ஓடிவந்தவன் என்பதால் அர்த்தம் எழுதும் வேலை எனக்கு வந்தது. அகராதியோடு உட்கார்ந்தேன், வியர்த்துவிட்டது. பல நூறு வருடங்களுக்கு முந்தைய ஊர்சுற்றிப் புலவர்களின் பாட்டுகள். பாதி சாராயக்கடை, மீதி பெண்பிள்ளைகள். சாமியைப் பற்றி ஒன்றும் இல்லை.

சொன்னால் பாதிப் பேர் விலகிவிடுவார்கள். ஆயுள் முழுக்க நீங்கள் ஆசைப்பட்டது இது ஒன்றுக்குத்தான். ஆகவே சாராயக்கடையைத் திராட்சைத் தோட்டமாக்கினேன். காதலி ஆன்மா ஆனாள். அவள் உதடு அருள் ஆயிற்று.

தாளை நீட்டினேன், ஆனால் பிடியை விடவில்லை. "சும்மா பயப்படறீங்க சார்," என்றீர்கள். "அர்த்தம் ரொம்ப நல்லா வந்திருக்கு. அப்படியே அச்சடிச்சிடலாம்."

இரண்டாவது. கச்சேரியன்று எல்லார் கையிலும் என் அர்த்தம் அச்சாகி இருந்தது. சாராயக்கடைப் பாட்டின் நடுவில் முன்வரிசை கைகூப்பி எழுந்தது. அடுத்து மண்டபமே எழுந்தது. பெண்கள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டார்கள். திரும்பிப் பார்த்த உங்கள் தோள் குலுங்கியது, கண்ணில் நீர். பக்தியில் அழுகிறீர்கள் என்று நினைத்து நான் இரண்டு வரி பாடாமல் விட்டுவிட்டேன். இவ்வளவு உருக்கமான துதியைக் கேட்டதில்லை, நோன்பிருக்கும் தவக்காலத்தில் மறுபடி பாட வேண்டும் என்றார் பங்குத்தந்தை.

"தவக்காலத்துல வேணாம் ஃபாதர்," என்றீர்கள். "தொண்டை வறண்டிடும்."

மூன்றாவதுதான் என்னை அரித்தது. பக்தியுள்ள பெண்மணியைக் குடிகாரப் பாட்டு பாடவைத்து, ஏமாற்றியபடியே வழியனுப்பிவிட்டேன். அடக்கத்தன்று மன்னிப்புக் கேட்கப் பெட்டியருகே வந்து, இருமிவிட்டுத் திரும்பினேன்.

இதுவரை எழுதிவிட்டு, ஒரு வரியைச் சரிபார்க்க, அடக்கத்துக்குப் பிறகு உங்கள் மகள் கொடுத்த உங்கள் பாட்டுப் புத்தகத்தை முதல்முறையாகப் பிரித்தேன். கடைசியில் எல்லாப் பாட்டுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு அச்சாகியிருக்கிறது. நீங்கள் எனக்கு எடுத்துக் கொடுத்த ஜெராக்ஸில் அந்தப் பக்கங்கள் இல்லை. சாராயக்கடைப் பாட்டின் ஓரத்தில் உங்கள் பென்சில் எழுத்து: "ஆம்பிளைங்க லேசா தள்ளாடணும். சார்கிட்ட மட்டும் காரணம் சொல்லக் கூடாது. பயந்துடுவார்."

ஒத்திகையில் என்னிடம், தள்ளாடினால் மூச்சுக்கு நல்லது என்றீர்கள். அதை நம்பி, ஞாயிறு திருப்பலியில் இன்றும் தள்ளாடித்தான் பாடுகிறேன்.

மூன்றாவது கருத்து தவறு, மேட்ரன்.