இருபத்தெட்டும் பதினொன்றும்

அக்டோபர் 3

ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவருக்குச் செயற்கை இடது கண் செய்துகொண்டிருக்கிறேன். இன்று கருவிழிக்கு மூன்றாவது பூச்சு. பழுப்பு என்று எல்லோரும் பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். உட்கார்ந்து பார்த்தால் அதில் கொஞ்சம் தேன் இருக்கிறது, கொஞ்சம் பச்சை இருக்கிறது, ஓரத்தில் வயதான சாம்பல் வளையம் இருக்கிறது. வலது கண்ணைப் பார்த்துப் பார்த்து இடது கண்ணை வரைய வேண்டும். இருபது வருடமாக இதுதான் என் பிழைப்பு.

வீட்டுக்கு வந்ததும் ஆர்க்கிட்டைப் பார்த்தேன். இலைகள்தான்.

இங்கே இருபத்தெட்டு. என் வீட்டுக்காரருக்குப் பதினொன்று.

அக்டோபர் 4

இருபத்தொன்பது. பன்னிரண்டு.

அக்டோபர் 9

இந்த எண்களை யாராவது படித்தால் வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்று நினைப்பார்கள். வெப்பநிலைதான். சாயங்காலம் ஏழு மணிக்கு அவரும் நானும் போனில் முதலில் சொல்லிக்கொள்வது இதைத்தான். பல நாள் கடைசியில் சொல்லிக்கொள்வதும் இதைத்தான்.

துறைமுகத்தில் கிரேன் பழுது பார்த்த மனிதர், ஒன்றரை வருடமாக மலை ஊரில் ரோப்கார் பராமரிக்கிறார். ஒப்பந்த வேலை. ஜனவரி முப்பத்தொன்றுக்குள் நிரந்தரம் என்று கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும். போடட்டுமா என்று அவர் கேட்கவில்லை. போடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ நானும் சொல்லவில்லை. "உன் இஷ்டம்." "இல்ல, உங்க இஷ்டம்." மரியாதையில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

ஜூன் மாதம் வந்திருந்தபோது ஒரு பந்தயம் கட்டினார். பத்து வருடமாக அவர் வளர்த்த ஆர்க்கிட். சமையலறை மேஜையில் செய்தித்தாளை விரித்து, கத்தியை அடுப்பில் காட்டி, ஒரே வெட்டு. இரண்டு தொட்டி.

"எந்த ஊர்ல முதல்ல பூக்குதோ, அந்த ஊர்ல குடித்தனம். சரியா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "பெரிய துண்டு எனக்கு" என்று ஐந்து தண்டு உள்ளதை எடுத்துக்கொண்டார். எனக்கு மூன்று தண்டு. இந்த விஷயத்திலாவது விட்டுக்கொடுத்திருக்கலாம்.

அக்டோபர் 21

கீழ்வீட்டு மருந்துக்கடை அக்கா மாடிக்கு வந்து தொட்டியைப் பார்த்தார். "குழந்தைக்குக்கூட இப்படி வேளாவேளைக்கு ஊட்ட மாட்டாங்க. அழுகிடப் போகுது பாரு."

பயந்துபோய் அவரிடம் கேட்டேன். போனிலேயே பாடம் நடத்தினார். "வேர் வெள்ளையா இருந்தா தண்ணி ஊத்து. பச்சையா இருந்தா பேசாம இரு." அங்கே அவருக்கு நேர் எதிரான தொல்லை. ஹீட்டர் போட்டால் காற்று காய்ந்துபோகிறதாம். தட்டில் கூழாங்கல் பரப்பி, தண்ணீர் விட்டு, அதன்மேல் தொட்டியை வைத்திருக்கிறார். இங்கே காற்றைப் பிழிந்தால் ஒரு குடம் தண்ணீர் வரும்.

இந்த ஊரில் பருவங்கள் இரண்டு: வெயில், மழையோடு வெயில். எதை நம்பி இது பூக்கும்?

நவம்பர் 2

விடியற்காலையில் ஒரு கனவு. ஒரு ரோப்கார் என் நாலாவது மாடி ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கிறது. கதவு திறந்திருக்கிறது. உள்ளே மேகம், பஞ்சு போல் தரையில் கிடக்கிறது. அந்தப் பூவின் வாசனை. ஆறு வருடத்துக்கு முன் ஒரே ஒரு தடவை இந்த வீட்டில் பூத்தது. எலுமிச்சைத் தோலும் பாலும் கலந்த மாதிரி, காலையில் மட்டும் வரும். விழித்திருக்கும்போது எவ்வளவு முயன்றாலும் நினைவுக்கு வராத வாசனை, கனவில் சுலபமாக வந்துவிட்டது.

அவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். "ஏறுறியா?" என்கிறார். நான் செருப்பைத் தேடுகிறேன். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், எங்குமே இல்லை. கார் மெதுவாக நகர்கிறது.

எழுந்ததும் வெறுங்காலோடு போய்ச் செடியைப் பார்த்தேன்.

நவம்பர் 14

புது இலையின் மடியில் ஒரு மொட்டு உறை. மெல்லிய பச்சை, ஒட்டின கடித உறை மாதிரி தட்டையாக இருக்கிறது. விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். அடியில் ஒரு நிழல். இல்லை, இரண்டு நிழல்.

ஏழு மணிக்குப் போன் வந்தது. "ஏதாவது தெரியுதா?"

"இலைதான்."

ஏன் அப்படிச் சொன்னேன்?

நவம்பர் 15

ஏன் என்று எனக்குத் தெரியும். போன வாரம் உச்சிக் கோபுரத்திலிருந்து வீடியோ போட்டார். கீழே முழுக்க மேகம், சக்கரத்தில் கிரீஸ் போட்டுக்கொண்டு இவர். "பாரு, கால் மட்டும்தான் தரையில இருக்கு" என்று சிரித்தார். கிரேன் வேலையிலிருந்து வீட்டுக்கு வருகிறபோது எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன், இந்தச் சிரிப்பை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. பூத்தது என்று சொன்னால் சொன்ன வாக்குக்காகக் கிளம்பி வந்துவிடுவார். மறுபடி கிரேன், மறுபடி அந்த முகம்.

தொட்டியைக் குளியலறை ஜன்னலுக்கு மாற்றினேன். வீடியோவில் தெரியாது.

இருபத்தேழு. ஏழு. (அங்கே முதல் பனி.)

டிசம்பர் 11

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனேன். உறையை வெட்டிவிட்டால் பொய் உண்மையாகிவிடும். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடச் சொல்லிவிடலாம்.

பத்து நிமிடம் நின்றேன். உறைக்குள்ளே அந்த இரண்டு நிழலும் கொஞ்சம் மேலே ஏறியிருந்தன. எனக்கு மனசு வரல. கத்தரிக்கோலால தலைமுடி நுனியை வெட்டிட்டு வந்துட்டேன்.

டிசம்பர் 20

டிரைவர் ஐயாவுக்குக் கண் பொருத்தியாயிற்று. கண்ணாடியை விட்டு நகரவே மாட்டேன் என்கிறார்.

"இதைப் பொய்னு யாரும்மா கண்டுபிடிப்பா?"

"பஸ்ல ஏறி இறங்குறவங்க யாரும் கண்டுபிடிக்க முடியாது."

அவருடைய மனைவி மூலை நாற்காலியிலிருந்து சொன்னார்: "நான் கண்டுபிடிச்சிடுவேன். பக்கத்துல உக்காந்து பாக்குறவளுக்குத் தெரியாதா?"

வேலை முடிந்த பிறகும் அந்தச் சொல் மேஜையிலேயே கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நான் யாரைப் பார்த்தேன் கடைசியாக?

ஜனவரி 4

உறை கிழிந்து இரண்டு மொட்டும் வெளியே வந்துவிட்டன. கட்டை விரல் நகம் அளவு. இலைக்கு அடியில் வெள்ளையாக ஏதோ பூச்சி. மருந்து கேட்க நாளை நர்சரிக்குப் போக வேண்டும்.

ஜனவரி 5

நர்சரிக்காரரிடம் போனிலிருந்த படத்தைக் காட்டினேன். சோப்புத் தண்ணீரில் பஞ்சைத் தொட்டுத் துடைத்தால் போதுமாம். படம் அடுத்ததுக்கு நகர்ந்துவிட்டது. மலையிலிருந்து வீட்டுக்காரர் அனுப்பிய அவருடைய தொட்டி.

"இது யாருது?"

"ரெண்டும் ஒரே செடிதான். நடுவுல வெட்டினது. அது என் வீட்டுக்காரர்கிட்ட இருக்கு."

பெரிதாக்கிப் பார்த்தார். "உங்களோடது முன்துண்டும்மா. முளை இந்தப் பக்கம்தான் ஓடும், பூவும் இங்கதான் வரும். அது பின்துண்டு, பழைய தண்டுங்க. முதல்ல உயிர் புடிக்கணும், அப்புறம் புது முளை விடணும். பூக்க மூணு வருஷமாவது ஆகும்."

"வெட்டினவருக்கு இது தெரியாம இருந்திருக்குமா?"

"பத்து வருஷம் ஆர்க்கிட் வளர்த்தவருக்கா?" என்று சிரித்தார்.

ஜனவரி 5, மறுபடி

பெரிய துண்டு எனக்குன்னு சொன்னாரே. நான் முணுமுணுத்துக்கிட்டே சின்னத் தொட்டியை வாங்கிக்கிட்டேனே. ஜெயிக்கவே முடியாத துண்டை எடுத்துக்கிட்டுப் போய், கூழாங்கல் தட்டு மேல வெச்சு, தினமும் "இங்கயும் இலைதான்"னு சொல்லிக்கிட்டு இருக்காரு மனுஷன். வர்றேன்னு ஒரு வார்த்தை வாயில வராதா? அதைக் கத்தியாலதான் சொல்லணுமா?

வலதையும் இடதையும் ஒப்பிட்டுப் பார்த்தே பிழைக்கிறவள் நான். ஏழு மாதமாக இரண்டு துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

ஜனவரி 8

கோபம் ஆறிவிட்டது. அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். எழுதிவிடுகிறேன்: எனக்கு அவர் வேண்டும். ஆனால் சிரிக்கிற அவர் வேண்டும். நான் இந்த மேஜையை விட்டு வரமாட்டேன் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். என்னை யாருமே கேட்கவில்லை. கேட்டிருந்தால்?

வந்திருப்பேன். எழுதிய பிறகுதான் எனக்கே தெரிகிறது.

பந்தயம் என்ன? எந்த ஊரில் முதலில் பூக்கிறதோ. மொட்டு விட்டது இங்கேதான். இன்னும் பூக்கவில்லை.

ஜனவரி 16

மருந்துக்கடை அக்கா தடுப்பூசி வருகிற தெர்மோகோல் பெட்டி ஒன்று கொடுத்தார். "சூட்டுல வளர்ந்ததைக் குளிருக்குக் கொண்டுபோனா மொட்டு உதிர்ந்துடும்டி."

"பெட்டிக்குள்ள வெந்நீர் பாட்டில் வெச்சுக்கிறேன்க்கா."

"உனக்கு யாரு வெந்நீர் பாட்டில் வெக்கிறது?" என்று தன் கம்பளிச் சட்டையையும் கொடுத்தார்.

ஒரு மாத விடுப்பு சொல்லியாயிற்று. தூரிகைகளைத் துணியில் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டேன். ஒரு மாதத்துக்கு எதற்குத் தூரிகை என்று கேட்காதே.

ஜனவரி 18

பதினாறு மணி நேர ரயில். மடியில் பெட்டி. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குளிர் ஒரு படி ஏறிற்று; டீக்கடையில் பாட்டிலுக்கு வெந்நீர் மாற்றிக்கொண்டேன். எதிரில் இருந்தவர் "உள்ளே பூனைக்குட்டியா?" என்று கேட்டார்.

வருகிறேன் என்று வீட்டுக்காரருக்குச் சொல்லவில்லை. கதவைத் தட்டினேன். கையில் கரண்டியோடு திறந்தார். என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். மூடியைத் திறந்து மொட்டுகளை எண்ணினார்.

"இது ஆட்டத்துல சேராது" என்றார்.

"ஆட்டத்துல முதல்ல ஏமாத்தினது யாரு? பெரிய துண்டு எனக்குன்னு?"

கரண்டியைக் கீழே வைத்தார். "அந்த மேஜையிலேருந்து உன்னைப் பிடுங்கினா வேர் தாங்காதுன்னு நெனச்சேன்."

"நான் என்ன மண்ணுல நட்ட செடியா? மரப்பட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற வேரைத்தானே பத்து வருஷமா வளர்த்தீங்க?"

அவருடைய பின்துண்டு ஜன்னலோரம் இருக்கிறது. சுருங்கின ஐந்து தண்டு. அடியில் கடுகளவு பச்சை. அவரே கவனிக்கவில்லை.

ஜனவரி 20

ஒரு மொட்டு மஞ்சளாகிவிட்டது. தொட்டதும் கையோடு வந்தது.

ஜனவரி 23

ஜன்னல் கண்ணாடியிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தோம். ஹீட்டரைத் திருப்பினோம். காலையில் அறைக்குள்ளேயே ஈரத் துணி காயப்போடுகிறோம். அலமாரியில் அவருடைய வேலை ராஜினாமாக் கடிதத்தைப் பார்த்தேன். அக்டோபர் தேதி போட்டிருக்கிறது.

இரண்டாவது மொட்டு அப்படியே இருக்கிறது.

ஜனவரி 27

மொட்டின் காம்பு மஞ்சள். அவர் அதற்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த மொட்டைவிட அவர் முதுகுதான் பாவமாக இருந்தது.

ஜனவரி 29

விழுந்துவிட்டது.

அவர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "எங்கயுமே பூக்கல. இப்ப என்ன பண்றது?"

"உன் இஷ்டம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

மொட்டைக் கூழாங்கல் தட்டில் வைத்தார். நானே சொன்னேன். கல்யாணமான இருபத்தோரு வருடத்தில் எதையும் சொல்ல இவ்வளவு பயந்ததில்லை: "நான் இங்க இருக்கேன். பூத்தாலும் பூக்காட்டியும். உங்களுக்கு இது வேணுமா, வேணாமா, அதை மட்டும் சொல்லுங்க."

"வேணும்" என்றார். பிறகு, சொன்னது போதாது என்பது போல், மறுபடியும் சொன்னார். "நீ இருக்கணும்."

அந்தக் கடிதத்தின் மேல் ஈரத் தொட்டியை வைத்தேன்.

ஏப்ரல் 6

இரண்டு துண்டையும் ஒரே தொட்டியில் வைத்துவிட்டோம். முளை ஒன்று கிழக்கே பார்க்கிறது, ஒன்று மேற்கே. இந்த ஊரின் மேகமூட்ட வெளிச்சத்தில் நிறம் பிரித்துப் பார்ப்பது சுலபம். ஜன்னலோரம் மேஜை போட்டாயிற்று. இங்குள்ள ஆஸ்பத்திரியிலிருந்து முதல் ஆள் வந்தார், ஒரு காலத்தில் கப்பல் சமையல்காரர். சாம்பல் நிறக் கண். இத்தனை வருடத்தில் நான் சாம்பலை வரைந்ததே இல்லை, ஓரத்து வளையம் தவிர.

நவம்பர் 14

மூன்று பூ. வெளிர் ஊதா, தொண்டையில் மஞ்சள். முன்துண்டில்தான், பின்துண்டு இப்போதுதான் இரண்டாவது இலை விடுகிறது, அவசரமில்லை. அறை முழுக்க எலுமிச்சைத் தோலும் பாலும். கனவில் வந்தது சரியான வாசனைதான், ஒரு துளிகூடக் குறையவில்லை.

அவர் வேலைக்குக் கிளம்புமுன் கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டே வெப்பமானியை எட்டிப் பார்த்தார். பழக்கதோஷத்தில் கேட்டார்: "அங்க எவ்வளவு?"

நான் சமையலறையிலிருந்து வந்து அவர் தோளுக்கு மேலாகப் பார்த்துச் சொன்னேன்.

பதினொன்று.