அப்பாவின் தட்டும் என் தட்டும்

அன்பு மகள் சிஹாருவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை நூனோவும் குட்டி மெய்யும் லிஸ்பனில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் புத்தர் மாடத்தில் ஊதுவத்தி ஏற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை, இருக்கிறோம், அவ்வளவுதான். கோபே ஊர் முழுக்கப் பிளம் பூத்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. மூன்று வேளையும் மிக்ஸியோடு போராடுவதற்கே பொழுது சரியாக இருக்கிறது. சோறு, மீன், முள்ளங்கி எல்லாவற்றையும் அரைத்து, வடிகட்டி, தண்ணீரில்கூட அந்தக் கெட்டியாக்கும் மாவைக் கலந்து கொடுத்தால்தான் அப்பாவுக்குப் புரையேறாது. பக்கவாதம் வந்ததிலிருந்து இதே கதைதான். கொடுத்ததை அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு நாலு ஸ்பூன் சாப்பிடுவார், பிறகு கிண்ணத்தைத் தள்ளிவிடுவார். நல்லாயிருக்கு, நல்லாயில்லை என்று ஒரு சொல் வராது. நான் சமையல் தொட்டி ஓரமாக நின்றபடியே ஏதாவது அள்ளிப் போட்டுக்கொள்வேன். அப்பாவின் எடை இறங்கிக்கொண்டே போகிறது, இந்த மாதக் கடைசிக்குள் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைப்பதா வேண்டாமா என்று முடிவு சொல்லுங்கள் என்று டாக்டர் ஒகுதா கேட்டிருந்தது உனக்குத் தெரியும். நீயும் போனில் ஒவ்வொரு முறையும் "அம்மா, சரின்னு சொல்லிடு, அவருக்கு முன்னாடி நீ படுத்துடுவே" என்கிறாய். நீ சொல்வது தப்பில்லை. ஆனால் வாயால் எதுவுமே சாப்பிடாமல் அந்த மனிதர் உட்கார்ந்திருப்பதை நான் எப்படிப் பார்ப்பேன் என்றுதான் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

இந்த நேரத்தில் நீ அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு மலைச்சரிவில் இருக்கும் அந்தப் பெரிய பிரெஞ்சு ஹோட்டலில் மேஜை பிடித்து வைத்தால் எனக்கு எரிச்சல் வருமா வராதா, நீயே சொல். விழுங்க முடியாதவரை விருந்துக்கு அனுப்புகிறாளே என்று இரண்டு நாள் முணுமுணுத்தேன். ரத்து செய்யவும் மனம் வரவில்லை, ஹோட்டலுக்குப் போன் செய்து அவர் நிலைமையைச் சொல்லவும் கூச்சமாக இருந்தது. நம்மால் மற்றவர்களுக்கு எதற்குத் தொந்தரவு? கைப்பையில் மாவுப் பொட்டலம், சின்னக் கத்தரிக்கோல், கழுத்துத் துணி, அவருடைய ரப்பர் ஸ்பூன் எல்லாவற்றையும் திருடியைப் போல ஒளித்து எடுத்துக்கொண்டேன். சூப் மட்டும் அவருக்கு, மீதியை மேஜைக்கு அடியில் துண்டு துண்டாக நறுக்கிப் பார்ப்போம், முடியாவிட்டால் இரண்டு தட்டையும் நானே காலி செய்துவிட்டு அவருக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். உன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை அவருக்குப் போட்டுவிட்டேன், கொடியில் காயப்போட்டது போலத் தொங்கியது. "எதுக்கு இந்த வேஷம்" என்று டாக்சியில் வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தார்.

ஜன்னல் ஓரமாக ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள். கீழே துறைமுகம் தெரிந்தது, அப்பா கிரேன் ஓட்டிய இடம்கூடத் தெரிந்தது, அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மியுரா என்று ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும், முதல் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். வெண்ணெய்க் குழம்பு நடுவே மூன்று வெள்ளைச் சிப்பிச் சதைத் துண்டுகள், மேலே லேசாகச் சிவக்க வறுபட்ட தடம். அப்பா தட்டிலும் அதேதான். நான் மடித்துணிக்கு அடியில் கத்தரிக்கோலை எடுத்தேன். மியுரா குனிந்து என் காதோடு, "அதை உள்ள வச்சிருங்கம்மா, இன்னிக்கு அதுக்கு வேலையில்ல. உங்க பொண்ணு போன்ல எங்க சமையல்காரர்கிட்ட எல்லாம் பேசிட்டாங்க" என்றாள். எனக்குக் காது வரை சுட்டது. வீட்டு விஷயத்தை, அப்பாவின் தொண்டையை, முன்பின் தெரியாதவர்களிடம் என்னைக் கேட்காமல் சொல்லியிருக்கிறாயே என்று உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அந்த நிமிஷம் நீ பக்கத்தில் இருந்திருந்தால் எல்லார் முன்னாலும் திட்டியிருப்பேன்.

அதற்குள் அப்பா தன் தட்டில் ஸ்பூனை இறக்கிவிட்டார். சிப்பி அப்படியே வழுக்கிக்கொண்டு உடைந்தது. அவருடையது அரைத்து, சலித்து, மறுபடி சிப்பி மாதிரியே பிடித்து வைத்தது, என்னுடையது நிஜச் சிப்பி. பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லை. அவர் தன் தட்டைப் பார்த்தார், என் தட்டைப் பார்த்தார், "ஒனக்கும் இதுதானா?" என்றார். ஆமாம் என்றேன். பிறகு சாப்பிட்டார். அடுத்து மாட்டிறைச்சி வந்தது, அதையும் துண்டு போட்ட மாதிரியே வரிவரியாக அடுக்கி, மேலே ஒயின் குழம்பு ஊற்றியிருந்தார்கள். அவருடைய தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கி, என்னுடையதைப் போலவே காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பையில் கொடுத்தார்கள். நடுவில் ஒருமுறை இருமினார், நான் பாதி எழுந்துவிட்டேன். "உக்காரு, உன் தட்டு ஆறுது" என்றார். சிஹாரு, உட்கார்ந்து, சூடாக, எதிரே ஒரு ஆளைப் பார்த்தபடி சாப்பிட்டு எனக்கு எவ்வளவு நாளாயிற்று என்பது அப்போதுதான் உறைத்தது. முகத்தைத் துணியால் மூடிக்கொண்டேன். சோர்வுதான், வேறு ஒன்றுமில்லை. கடைசியில் சமையல்காரர் வெளியே வந்து குனிந்து வணங்கினார். உன் அப்பா கோணிய வாயால், மெதுவாக, தெளிவாக, "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். எனக்குத் தரைக்குள் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. சமையல்காரரோ முகமெல்லாம் மலர, "அடுத்த தடவ சரி பண்ணிடறேங்கய்யா" என்று இன்னொரு முறை குனிந்தார்.

மறுநாள் காலை வழக்கம்போலக் கஞ்சியை வைத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "இது என்ன, போஸ்டர் ஒட்டுற பசையா?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "அவ்வளவு ருசி கேக்குதுன்னா அங்கேயே போய்க் குடியிருங்க, எனக்கும் ஓய்வாச்சு" என்று கத்திவிட்டேன். அவர் நாற்காலியைச் சுவரிலிருந்து மேஜைப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, குறை சொல்லிச் சொல்லியே கிண்ணத்தைக் காலி செய்தார். காலிக் கிண்ணத்தைக் கழுவும்போதுதான் என் கோபம் போய்விட்டதைக் கவனித்தேன். டாக்டரிடம் குழாய் இப்போதைக்கு வேண்டாம், கோடை வரை பார்ப்போம் என்று சொல்லிவிட்டேன். நீ கோபித்துக்கொள்ளாதே. எனக்கு அசதி குறைந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், இடுப்பு விட்டுப்போகிறது, ராத்திரி தூக்கமில்லை. வேண்டிய நாள் வந்தால் அப்போது சரி என்பேன். வாரத்தில் இரண்டு நாள் உதவிக்கு ஆள் வைக்கச் சொன்னாயே, அதற்கு மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

குழந்தைக்கு மீனில் முள் பார்த்துக் கொடு. நீயும் நின்றுகொண்டே சாப்பிடாதே, என்னிடமிருந்து அந்தப் பழக்கம் உனக்கு வேண்டாம். மூவரும் நீண்ட நாள் நன்றாக இருங்கள், அப்பாவின் ஆசியும் இதில் உண்டு. அந்தச் சிப்பியை எப்படிப் பிடித்தார்கள் என்று அந்தச் சமையல்காரரிடம் கேட்டு எழுது, மறந்துவிடாதே, எனக்குக் கேட்க வெட்கமாக இருக்கிறது. இன்னும் எழுத இருந்தது, அப்பா உள்ளேயிருந்து கூப்பிடுகிறார். "இவளே, ராத்திரிக்கு என்ன?" என்கிறார். பக்கவாதம் வந்த பிறகு அவர் அதைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

உன் அம்மா,
ஃபுமியே