மூன்றாம் நம்பர் சாக்கு

சிதம்பரம்,
ஜூன் 14.

அன்புள்ள அறிவழகனுக்கு அப்பா கொளஞ்சியப்பன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். வியட்நாமில் நீயும் கயல்விழியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பதைப் போனில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் மாதம் உன்னைக் கேட்காமல் என் பேத்தி இளமதியை இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குச் சேர்த்தேன். பணம் கட்டி, சீருடையும் தைத்தாகிவிட்டது. நேற்று நானே போய் அவள் பெயரை எடுத்துவிட்டேன்.

போனில் சொன்னால் நீ பாதியில் விளக்கம் சொல்ல ஆரம்பிப்பாய், நான் கத்துவேன், அம்மா அழுவாள். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். கடையில் இருக்கும் சபாபதி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான். முழுக்கப் படித்துவிட்டுப் பேசு.

என் திட்டம் இதுதான். அம்மாவுக்கு முழங்கால் ரொம்ப மோசம் என்று சொல்லி ஜூன் மாதம் உங்களை வரவழைப்பது. வந்தபின் பிள்ளையை இங்கே விட்டுவிட்டு நீங்கள் மட்டும் எத்தனை நாள் ஊர் சுற்றிவிடப் போகிறீர்கள்? முழங்கால் வலி உண்மைதான். நான் போனில் சொன்ன அளவுக்கு இல்லை. அவள் தினமும் கீழவீதி வரை நடந்து காய்கறி வாங்கி வருகிறாள்.

இரண்டு வருடமாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே நீங்கள் சொல்லும் படிப்பு எனக்குப் பிடிபடவில்லை. காலையில் இரண்டு மணி நேரம் கயல்விழி சொல்லிக் கொடுக்கிறாள், மீதி நேரம் சந்தை, படகு, பஸ் என்கிறாய். அதைப் படிப்பு என்றால் நானும் காட்டுமன்னார்கோயில் பஸ்ஸில் தொங்கிப் படித்தவன்தான். ஐந்தாவதோடு நின்று ரைஸ் மில்லில் சாக்கு உதறப் போனேன். அப்புறம் சொந்தமாகப் பழைய சாக்கு வாங்கி விற்க ஆரம்பித்தேன். முதல் வருடமே ஒரு லாரி நிறையச் சாக்கு வாங்கினேன். மேலே இங்கிலீஷில் ஏதோ அச்சடித்திருந்தது. படிக்கத் தெரியாமல் அரிசி பிடிக்க ஒரு மில்லுக்குக் கொடுத்துவிட்டேன். அது பூச்சி மருந்து வந்த சாக்கு. மில்காரர் கோவிந்தசாமி அத்தனை பேர் முன்னால் அந்தச் சாக்கை என் தலையில் கவிழ்த்து, மோந்து பாருடா என்றார். அன்றிலிருந்துதான் எந்தச் சாக்கானாலும் உள்ளே கையை விட்டு, திருப்பி, மோந்து பார்த்த பிறகே தரத்துக்கு ஒரு நம்பராகப் பிரிப்பது என்று வைத்துக்கொண்டேன். அந்த நாற்றம் என் பேத்திக்கு வரக் கூடாது என்றுதான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம் என்று அடித்துக்கொண்டேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

போன மாதம் அவளிடம் பதினாறாம் வாய்ப்பாடு கேட்டேன். ஆறு பதினாறோடு நின்றுவிட்டாள். பக்கத்தில் இருந்த அம்மாவிடம், இது தேறாது, பிள்ளையைக் கெடுத்துவிட்டார்கள் என்றேன். போனை அணைத்துவிட்டதாக நினைத்துச் சொன்னது. அணையவில்லை.

மறுநாள் இளமதியே உன் போனிலிருந்து கூப்பிட்டாள். நீ வேலையாக இருந்தாய் போல. அம்மா சும்மா இராமல், உனக்குத் தைத்தது பாருடி என்று பள்ளிக்கூடச் சீருடையை எடுத்துக் காட்டிவிட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். பிள்ளை அழும், உன்னிடம் ஓடும் என்று நினைத்தேன். அவள் எழுந்து நின்றாள். அவ்வளவுதான். அந்தச் சீருடை அவளுக்கு முழங்காலுக்கு மேலே ஒரு சாண் நிற்கும். அளவுக்கு அம்மா தையற்காரரிடம் கொடுத்தது, நீங்கள் கடைசியாக வந்தபோது அவள் இங்கே விட்டுப்போன பாவாடை. இரண்டு வருடத்தில் பிள்ளை வளரும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அப்புறம் சாக்கைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தாள். அங்கே அரிசிப் படகில் வரும் பை எத்தனை கிலோ, காலிப் பை எங்கே திரும்பிப் போகிறது, யார் தைக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் அந்த ஊர்க்காரர்களிடம் சைகையிலேயே கேட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். முப்பது வருடம் தொழில் செய்த எனக்கு அதில் இரண்டு விஷயம் புதிது. உள்ளே என்ன இருந்தது என்று நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்றாள். கையை விட்டுத் திருப்பிப் பார்ப்பேன், தேறாததை மூன்றாம் நம்பர் என்று ஒதுக்குவேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

"அப்ப என்னைய மட்டும் ஏன் தாத்தா திருப்பிப் பாக்காமலே மூணாம் நம்பர்னு ஒதுக்குனீங்க?" என்றாள்.

மூன்றாம் நம்பர் என்றால் உனக்குத் தெரியும். கொள்ளிடக் கரைக்கு மண்மூட்டை கட்டப் போகிற சாக்கு. இத்தனை வருடத் தொழிலில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

நேற்று பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை கோபித்துக்கொள்ளவில்லை. வெளியில் படிக்கிற பிள்ளைகளும் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வழி இருக்கிறது, விவரம் விசாரித்துச் சொல்கிறேன் என்றார். அதை நீயும் அங்கிருந்து கேட்டு வை. ஊர் சுற்றலாம், பரீட்சையை விடக் கூடாது. கட்டிய பணம் திரும்பி வராது. அது என் வாய்க்கு அபராதம். சீருடையை மட்டும் அம்மா கொடுக்க மாட்டேன் என்கிறாள். மடிப்பைப் பிரித்து நீட்டிக்கொண்டிருக்கிறாள். பிரிக்க இனிமேல் துணி இல்லை.

இனி நானும் இளமதியும் பேசி முடித்தது. உன்னிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாள், அதற்கும் சேர்த்துத்தான் பேச்சு. பெயரை நான் எடுத்துவிட வேண்டும். நடந்ததை அவள் அல்ல, நானே உனக்கு எழுத வேண்டும். பதினாறாம் வாய்ப்பாட்டை அவள் ஆடி மாதத்துக்குள் ஒப்பிக்க வேண்டும். இவள் பிள்ளையா தரகரா என்று கேட்காதே, அடுத்ததைக் கேள். வருடத்தில் ஆறு மாதம் இங்கே இருக்க வேண்டும் என்றேன். இருபது நாள் என்றாள். தம்பியையும் கூட்டி வருகிறேன், அதற்குக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அம்மா நடுவில் புகுந்து முடித்துவைத்தாள்.

இதில் உன் சம்மதம் இல்லை என்பது எனக்குத் தெரியும். உன்னைக் கேட்காமல் மறுபடி ஒன்றைப் பேசியிருக்கிறேன். ஆனால் இந்தத் தடவை மறைக்கவில்லை. பிள்ளை கொடுத்த வாக்கை அப்பன் உடைக்கக் கூடாது, கயல்விழியிடமும் இதைப் படித்துக் காட்டு. நாலு பேரும் நோய்நொடி இல்லாமல், போகிற ஊரெல்லாம் நல்ல தண்ணீர் குடித்து, பத்திரமாக இருங்கள்.

தை பிறந்ததும் வருவது. பங்குனி உத்திரம் கழித்துப் போவது. வருடா வருடம், நாலு பேரும். இதற்குக் கீழே எனக்குக் கட்டாது.

இப்படிக்கு,
அப்பா
கொளஞ்சியப்பன்